மாதம் ஆயிரத்து இருநூறு

வாடகை, சீட்டு, தம்பியின் டிப்ளமோ போக
கையில் நிற்பது ஆயிரத்து ஐந்நூறு.
அதற்குள் ஒருவன் கழுத்தை நெரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.
கண்டெய்னர் யார்டில் எண் குறிப்பவள் நான்,
எதையும் எழுதித்தான் பார்ப்பேன்.
லோடு சீட்டின் பின்பக்கம்
மூன்று கோடு கிழித்தேன்.

அண்ணா நகர்.
சென்ட்ரல் போய் மெட்ரோ மாறவேண்டும்.
கண்ணாடிக் கதவு, ஏசி, தைல மர வாசனை.
வரவேற்பில் இருந்த பெண்
என் செருப்பைப் பார்க்காமலிருக்க ரொம்பவே சிரமப்பட்டாள்.
மாதம் நாலாயிரத்து எண்ணூறு, மூன்று மாதம் முன்பணம்,
உடுப்பு அவர்களிடமே வாங்கவேண்டும், ஏழாயிரம்.
தண்ணீர் இலவசம்.
இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தேன்.

பெரம்பூர்.
எடை தூக்கும் ஜிம்முக்கு மேல்மாடி, செவ்வாயும் வியாழனும்.
ஆயிரம்தான்.
சுவரில் மாஸ்டரின் படம், மாஸ்டரைவிடப் பெரியது.
"லேடீஸுக்கு நாலு பிடி போதும்மா, தற்காப்புக்கு."
ஐந்தாவது பிடி என்ன என்று கேட்டேன்.
வலது கையை வாங்கி முதுகுக்குப் பின்னால் மடக்கினார்.
தட்டினேன்.
இன்னும் கொஞ்சம் மடக்கினார்.
தட்டினேன்.
சுற்றி நின்ற பையன்களுக்கு
விளக்கம் சொல்லி முடித்துவிட்டுத்தான்
விட்டார்.
ஒரு வாரம் இடது கையால் தலை வாரினேன்.
ஆயிரம் என்று எழுதியதை அடிக்கவில்லை,
பக்கத்தில் தைலம் நாற்பத்தைந்து என்று சேர்த்தேன்.

கொருக்குப்பேட்டை.
கேட் மூடியிருந்தது. அது எப்போது திறந்திருக்கிறது?
நாற்பத்திரண்டு வேகன், எண்ணினேன், தொழில் பழக்கம்.
கேட்டைத் தாண்டி
மிளகாய் மண்டிக்காரர்கள் காலி செய்த கிடங்கு.
பாயைக் கழுவிவிட்டார்கள், சுவரை எப்படிக் கழுவ?
உருண்டால் தும்மல்.
மேலே இருப்பவனுக்கும் தும்மல், கீழே கிடப்பவளுக்கும் தும்மல்.
பாதிப் பிடி நழுவுவது அதனால்தான்.

டெரன்ஸ் என்னைவிட ஏழு வயது சின்னவன்,
ஊதா பெல்ட், பகலில் ஹார்பரில் கிரேன் ரிப்பேர்.
"ஆயிரத்து எறநூறுக்கா. ரெண்டு தவணையா கூட குடுங்க.
உடுப்பு பழசு ஒண்ணு கீது, தோள்ல தையல் போட்டது."
உடை மாற்றும் அறைக்குள் போய்
முதலில் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன்.
புதுசு. திருகாணியில் துரு ஏறவில்லை.
"ஃபர்ஸானா மாட்னது. பொண்ணுங்கள்ல அவதான் மொதல்ல வந்தா."

ஃபர்ஸானா நாற்பத்தாறு கிலோ, நான் எழுபத்தொன்று.
மூன்றாவது நிமிடம் அவள் என் முதுகில் இருந்தாள்,
எப்படி ஏறினாள் என்று இன்னும் தெரியாது.
தாடைக்குக் கீழே ஒரு முழங்கை மடிந்தது.
தகரக் கூரை ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.
முழுசாகத் தட்டக்கூட இல்லை நான்.
கையைத் தூக்கினேன், அவள் தோள் பக்கம்,
விரல் நுனி பட்டதோ என்னவோ,
விட்டுவிட்டாள்.
"ஓகேவாக்கா?" கேட்டுவிட்டுத் தும்மினாள்.

எழாமல் அப்படியே கிடந்தேன்.
போதும் என்றதும் நின்ற கைகள்
இந்த முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை?
வேகன் எண்ணுகிறவளுக்கு
அது பெரிய கணக்கு இல்லை.

அறுநூறு கொடுத்தேன். ரசீது கிடையாது.
நோட்டில் எழுதிக்கொண்டான்,
பவளக்கொடியைப் பவலக்கொடி என்று.
திருத்தவில்லை. அடுத்த அறுநூறுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர்.
கழுத்தில் இன்னும் சூடு, மூக்கில் மிளகாய்.
என் தெரு முனை வந்ததும் கம்பியைத் தட்டினேன்.
நிற்கவில்லை.
மறுபடி தட்டினேன்.
இரண்டு கம்பம் தள்ளி நிறுத்தி
சில்லறை இல்லையா என்றான்.